தபசுகாலத்துக் காடைகள்

சேசு மரி சூசை

தலைமன்னார் துறை ஸ்ரேஷன்,
28.2.1938

பிரியமுள்ள கொன்ஸ்ரன்ஸுக்கு,

காய்ச்சல் விட்டபின் நீர் எழுதிய முதற் கடிதத்தில் எழுத்து கோணலாக இருந்தது. கலியாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் உமது எழுத்து கோணி நான் கண்டதில்லை. ஆகையால் இந்தக் கடிதத்தோடு றெயில் கார்ட் பீற்றரின் கையில் ஒரு பனையோலைக் கூடையும் வருகிறது. அதற்குள் இரண்டு காடைகள் உயிரோடு இருக்கின்றன. தண்டவாள ஓரத்துப் பற்றைகளில் கண்ணி வைக்கும் ஒருவர் கொண்டுவந்து தந்தார். காய்ச்சலில் கிடந்த உடம்பு தேறக் காடைச் சூப்பைப் போல வேறொன்றும் இல்லை என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். நீர் நம்பமாட்டீர். நம்பாமலே குடிக்கலாம், சூப்புக்கு அது தெரியப்போவதில்லை.

பெரியது, கழுத்தில் கறுப்பு உள்ளது, சேவல். சின்னது பேடு. சேவலுக்குக் குரல் கொஞ்சம் பலம். இரண்டையும் ஒரே நாளில் சமைத்துவிடும். ஒன்றை விட்டுவைத்தால் அது கவலைப்படும்.

இனி என் விஷயம். ஜூன் முடிவோடு எனக்கு ஓய்வு என்று தலைமைக் காரியாலயத்திலிருந்து எழுதிவிட்டார்கள். பதினொரு வருஷமாக நீர் கொழும்புக் கொட்டாஞ்சேனையில், நான் றெயில்வே அனுப்பிய இடத்தில். லீவுக்கு வந்தேன், லீவு முடிந்து போனேன். இனி எனக்கு எல்லா நாளும் லீவு. அப்படியானால் நான் எங்கே இருப்பது? இதை நாம் இதுவரை வாய்விட்டுக் கதைத்ததில்லை. பேசாலையில் தம்பி வீட்டோடு ஒரு அறை சும்மா கிடக்கிறது. கொழும்பு வீடு நீர் தேடி எடுத்தது, நீர் ஒழுங்குபடுத்தி வைத்திருப்பது. உமக்கு இன்னும் ஏழெட்டு வருஷம் பள்ளிக்கூடம் இருக்கிறது. உமது எண்ணத்தை ஒளிக்காமல் எழுதும்.

இப்படிக்கு,
ச. வின்சன்ற்,
ஸ்ரேஷன் மாஸ்ரர்

(பழக்கத்தில் கை அப்படியே போட்டுவிட்டது. உமது வின்சன்ற்.)


கொட்டாஞ்சேனை,
4.3.1938

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் அனுப்பிய சூப் விபூதிப் புதன்கிழமையன்று வந்து சேர்ந்தது. நான் காலைப் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு படியேறினேன். மேலே கதவடியில் பீற்றர் கூடையைக் கையில் தொங்கவிட்டபடி நின்றார். தபசுகாலம் தொடங்குகிறது என்பதை மறந்தவர் மன்னார்ப் பகுதி முழுவதிலும் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். இந்த வீட்டில் உயிர்த்த ஞாயிறுவரை இறைச்சி இல்லை. எனக்குப் பக்தி எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் வகுப்பில் பெண்பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு வீட்டில் வேறொன்றைச் செய்ய என்னால் முடியாது. நோயாளிக்கு விலக்கு உண்டு என்பீர்கள். வைத்தியர் என்னை நோயாளி இல்லை என்று போன கிழமையே சொல்லிவிட்டார்.

பீற்றர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "டீச்சர், அனுராதபுரம் தாண்டினாப் பிறகு பெரியவர் தொடங்கிட்டார். டுர்ர்ர் எண்டு ஒரே சத்தம். ரெண்டாம் வகுப்பிலை வந்த வெள்ளைக்காரர் என்னைக் கூப்பிட்டு, எஞ்சினிலை ஏதோ பிழை, போய்ப் பார் எண்டவர். நான் போய்ப் பாத்திட்டு வந்து, இப்ப சரி சேர் எண்டு சொன்னனான்."

உயிரோடு இருப்பவற்றை உயிர்த்த ஞாயிறுவரை எங்காவது வைத்திருக்க வேண்டும். திருப்பி அனுப்பினால் பீற்றர் என்னை மன்னிக்கமாட்டார். குளியலறையில் விட்டேன். கதவைத் திறந்ததும் இரண்டும் நேரே மேலே எழும்பின. பறவைகள் பக்கவாட்டில் பறக்கும் என்று நினைத்திருந்தேன். இவை வெடித்ததுபோல நிமிர்ந்து போய்க் கூரைப் பலகையில் தலையை மோதிக்கொண்டு விழுகின்றன. சின்னது கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. நானும் அசையாமல் நின்றேன். பிறகு அது எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல என் சவர்க்காரத்தைக் கொத்திப் பார்த்தது.

பெயர் வைப்பதாக இல்லை. சமைக்கப்போவதற்குப் பெயர் எதற்கு?

எனக்குப் பசி நன்றாக எடுக்கிறது. மற்ற விஷயத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

கொன்ஸ்ரன்ஸ்


சேசு மரி சூசை

தலைமன்னார் துறை,
9.3.1938

பிரியமுள்ள கொன்ஸ்ரன்ஸுக்கு,

தபசுகாலத்தை மறந்தது உண்மை. சுவாமியாரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "மாஸ்ரர், கப்பல் வாற நேரத்தை மறந்தனீரோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப சரி, இது மறதி இல்லை" என்றார். அதற்குமேல் நான் விளக்கம் கேட்கவில்லை.

குளியலறை வேண்டாம். ஒரு தேயிலைப் பெட்டியை எடுத்து, முன்பக்கத்துக்குக் கம்பிவலை அடிப்பியும். மேலே பலகை கூடாது. துணியைத் தொய்வாகக் கட்டும். துள்ளினால் துணி தாங்கும், தலை தப்பும். அடியில் மணல் பரப்பும். காடைக்குத் தண்ணீரில் அல்ல, மணலில்தான் குளிப்பு. தின்பதற்குத் தினை, சாமை. கறையான் கிடைத்தால் அதுதான் விருந்து. எல்லாம் கண்ணிக்காரர் சொன்னது. சமைக்கப்போவதற்கு ஏன் இவ்வளவு என்று அவர் கேட்டார். கொழும்பில் அப்படித்தான் என்று சொல்லிவைத்தேன்.

என் கடிதத்தின் பின்பாதியைக் காடை கொத்திவிட்டதோ? ஆறுதலாக எழுதும். நான் அவசரப்படுத்தவில்லை. தம்பியின் பெண்சாதி அறைக்கு வெள்ளையடிக்கவா என்று கேட்கிறாள், அவ்வளவுதான்.

வந்தாலும் சாய்மனைக் கதிரையைக் கொண்டுவரமாட்டேன். அதை இங்கேயே யாருக்காவது கொடுத்துவிடலாம்.

உமது வின்சன்ற்


கொட்டாஞ்சேனை,
20.3.1938

அன்புள்ள உங்களுக்கு,

பெட்டி தயார். கீழே எனாமல் பாத்திரக் கடை வைத்திருக்கும் நிலாம் முதலாளி, வீட்டுக்காரர் என்ற உரிமையில் ஒரு தேயிலைப் பெட்டியைத் தந்தார். உள்ளே என்ன வைக்கப்போகிறேன் என்று கேட்டார். புத்தகம் என்று சொல்ல நினைத்தேன், ஆனால் அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து டுர்ர்ர் என்று பதில் வந்துவிட்டது.

மேலே கட்டத் துணி தேடினேன். தொய்வாகவும் வேண்டும், நகம் சிக்காமலும் வேண்டும், இருட்டாகவும் இருந்தால் நல்லது. சென்னையில் பட்டம் வாங்கிய அன்று போட்ட கறுப்பு அங்கி அலுமாரியின் அடியில் இருந்தது. அதற்குப் பிறகு அது வெளியே வந்ததே இல்லை. இப்போது காடைகள் துள்ளும்போதெல்லாம் பி.ஏ. பட்டத்தில் முட்டிக்கொண்டு பத்திரமாகக் கீழே இறங்குகின்றன. அந்தப் படிப்பினால் இவ்வளவு நேரடியான நன்மை வேறு யாருக்கும் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

மணல்தான் சிரமம். கோவில் மதிலுக்கென்று தெருவோரம் கொட்டியிருந்ததில் கைப்பை நிறைய அள்ளினேன். நிமிர்ந்தால் எங்கள் பள்ளிக்கூட மதர் நிற்கிறார். "மிஸிஸ் வின்சன்ற், பிள்ளைகளுக்குப் பூகோளம் படிப்பிக்கவா?" என்றார். ஓம் மதர் என்றேன். வருஷக்கணக்காகப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல உருப்படியாக ஒன்றும் இல்லாமல் இருந்தது. இப்போது திருட்டும் பொய்யும் ஒன்றாகக் கிடைத்திருக்கின்றன.

பெரியது விடியற்காலையில் தொடங்குகிறது. கழுத்தைக் குனிந்து, உடம்பை ஊதி, தொலைவில் மோட்டார் சைக்கிள் வருவதுபோல ஒரு முழக்கம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெட்டியின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடந்து, யாரும் வராத வண்டியை எதிர்பார்க்கிறது. ஸ்ரேஷன் மாஸ்ரர் என்று வாயில் வந்துவிட்டது. பெயர் என்று நினைக்க வேண்டாம். சின்னதற்கு ஒன்றும் வைக்கவில்லை. அது பேசாமல் மூலையில் இருந்து, மற்றது கொத்திவிட்டுப் போனதைக் கொத்துகிறது.

முந்தாநாள் நிலாம் முதலாளியின் மனைவி பைறோஸா மேலே வந்தார். "டீச்சர், ஒங்களுக்குக் காச்சல் சுகமாகி ஒரு மாசம் ஆகல்ல. விடிய எழும்பி மெஷின் மிதிக்கிறீங்களே, யாருக்கு இவ்வளவு தைக்கிறீங்க?" என்று கேட்டார். பெட்டியைக் காட்டினேன். குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தார். "நல்ல கொழுப்பு ஈக்கி. ஒங்கட பெருநாளைக்குத்தானே? அண்டைக்கு இவரெ மேல அனுப்புறன், பிஸ்மி செல்லி அறுத்துத் தருவார். எங்களுக்கும் ஒரு கோப்பை சூப் அனுப்புங்க" என்றார். சரி என்றேன். அவர் போனபின் அங்கியின் ஒரு முனையை இறக்கி விட்டேன். பெட்டிக்குள் வெளிச்சம் கூடிவிட்டதுபோல் இருந்தது.

உங்கள் கேள்வி நினைவில் இருக்கிறது. தவணைப் பரீட்சைத் தாள்கள் மேசையில் குவிந்து கிடக்கின்றன. அவை முடியட்டும்.

கொன்ஸ்ரன்ஸ்


சேசு மரி சூசை

தலைமன்னார் துறை,
27.3.1938

பிரியமுள்ள கொன்ஸ்ரன்ஸுக்கு,

உமது கடிதத்தை மூன்று முறை வாசித்துச் சிரித்தேன். மடித்து வைத்தபின்தான் நான் கேட்டதற்கு அதில் பதில் இல்லை என்பது உறைத்தது. பதில் இல்லாததும் ஒரு பதில்தான். ஸ்ரேஷனில் அப்படித்தான், கேட்ட லைனில் அடுத்த ஸ்ரேஷன் பதில் மணி அடிக்காவிட்டால் வண்டியை விடமாட்டோம்.

ஆகவே அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டேன். இதில் கோபம் இல்லை, கொன்ஸி. போன ஓகஸ்டில் லீவு முடிந்து இறங்கியவன், குடையை மறந்து பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்தேன். கதவு சாத்தியிருக்கவில்லை. நீர் என் சாய்மனைக் கதிரையைச் சுவரோடு தள்ளிவிட்டு, நான் நகர்த்தி வைத்த உமது மேசையைத் திரும்ப யன்னலடிக்கு இழுத்துக்கொண்டிருந்தீர். நான் மருதானை ஸ்ரேஷனுக்குப் போய்ச் சேரும்வரைகூடப் பொறுக்கவில்லை. முகத்தில் அவ்வளவு நிம்மதி இருந்தது. குடையை எடுக்காமல் இறங்கிவிட்டேன். கதிரையை அடுத்த மாதமே பீற்றரைக் கொண்டு எடுப்பித்தேன். நீர் ஏன் என்று கேட்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நீர் காலையில் பள்ளிக்கூடம் போக, நான் கூடையோடு சந்தைக்குப் போய், வந்து குசினியில் நின்றால் கொட்டாஞ்சேனை என்ன சொல்லும்? சம்பளம் வாங்கும் பெண்சாதியின் வீட்டில் சும்மா இருக்கும் மனுசன் என்று சொல்லும். எனக்கும் கூச்சம், உமக்கும் கூச்சம். பேசாலையில் கடல் இருக்கிறது. கடற்கரையில் சும்மா இருப்பவரை யாரும் கவனிப்பதில்லை.

பீற்றர் அடுத்த கிழமை வருவார். அவரிடம் அந்தக் குடையைக் கொடுத்துவிடும். காடைகளை உயிர்த்த ஞாயிறன்று நன்றாக மிளகு போட்டுச் சமையும்.

வின்சன்ற்


கொட்டாஞ்சேனை,
5.4.1938

அன்புள்ள உங்களுக்கு,

முதலில் ஒரு திருத்தம். ஸ்ரேஷன் மாஸ்ரர் முட்டை இட்டிருக்கிறார்.

ஒன்று என்றால் எங்கிருந்தோ உருண்டு வந்தது என்று சமாளித்திருப்பேன். நான்கு. சாம்பல் நிறம், கபிலப் புள்ளி. மூன்றாவதை இடும்போது நானே பார்த்தேன். குரல் பலம், கழுத்தில் கறுப்பு, நடையில் அதிகாரம், ஆகவே சேவல். நீங்கள் சொன்னீர்கள், நானும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டேன். பரீட்சைத் தாளில் ஒரு பிள்ளை இப்படிக் காரணம் எழுதியிருந்தால் பூச்சியம் போட்டிருப்பேன். சென்னையில் எனக்குத் தர்க்கத்தில் பரிசு தந்தவர்கள் நல்லவேளையாக இப்போது உயிரோடு இல்லை.

அதோடு முடியவில்லை. முட்டை இட்டது முழங்கிக்கொண்டு மற்ற மூலைக்குப் போய்விட்டது. திரும்பியும் பார்க்கவில்லை. பேசாமல் இருந்த சின்னது வந்து, நான்கையும் அலகால் ஒவ்வொன்றாகத் தன் வயிற்றின் கீழ் இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. நான் சந்தேகத்தோடு மியூசியம் நூலகத்துக்குப் போய்ப் பறவைகளைப் பற்றிய பெரிய புத்தகம் ஒன்றைப் பார்த்தேன். இந்த வகையில் பேடுதான் பெரியது, முழங்குவது, சண்டைக்குப் போவது. அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் சேவல். புத்தகம் இதை ஆச்சரியம் இல்லாமல் சொல்கிறது. நான் இதிலிருந்து பாடம் ஒன்றும் எடுக்கவில்லை. நாள் முழுவதும் எடுக்கிற பாடம் போதும்.

பைறோஸாவிடம் சொன்னேன். அவர் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார். "அப்ப பெரியவவுக்கு வேல சத்தம் போடுறது மட்டுந்தானா? எங்கட மனிசனெக் கூட்டி வந்து இதெக் காட்டோணும்" என்றார். காட்டினார். நிலாம் முதலாளி பார்த்துவிட்டு, "புள்ள, இது காடை. நான் மனிசன்" என்று சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார்.

பெட்டி அதுவரை குசினிக்குப் போகும் நடைவழியில் இருந்தது. முட்டை வந்த மறுநாளே சுவரோரம் எறும்பு வரிசை தொடங்கிவிட்டது. மண்ணெண்ணெய் பூசிப் பார்த்தேன், வழியை மாற்றிக்கொண்டு வந்தது. சேவல் எழும்பவில்லை. எறும்பு காலில் ஏற ஏற உதறிக்கொண்டு அப்படியே இருந்தது. இந்த வீட்டில் எறும்பு வராத, வெளிச்சம் விழுகிற, ஆள் நடக்காத இடம் ஒன்றுதான் இருக்கிறது. யன்னலடி. ஆகவே மேசையை நடு அறைக்கு இழுத்துவிட்டுப் பெட்டியை அங்கே வைத்தேன். பரீட்சைத் தாள்களை இரண்டு நாளாக நடு அறையில் இருந்து திருத்துகிறேன். வெளிச்சம் குறைவு. பிள்ளைகளுக்குப் புள்ளி கொஞ்சம் கூடிவிட்டது.

ஓகஸ்ட் விஷயம். நீங்கள் வந்து போனது எனக்குத் தெரியும். படியில் உங்கள் சப்பாத்துச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது குடை கொளுவியில் தொங்கியது, ஆள் இல்லை. உங்கள் பின்னால் இறங்கி வந்து கூப்பிட்டிருக்கலாம். மேசையின் ஒரு கால் விரிப்பில் சிக்கியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு நின்றுவிட்டேன். கதிரை போனபோதும் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் காரணம் சொல்வீர்கள் என்ற பயம்.

நீங்கள் வந்தால் உங்களை எங்கே வைப்பது என்று நான் யோசிக்கவில்லை. நான் எங்கே போவேன் என்பதுதான் என் யோசனை. இரண்டே அறை, முன்னறையும் நடு அறையும். பதினொரு வருஷமாக ஒருவருக்கும் பதில் சொல்லாமல் இருந்து பழகிவிட்டது. இதைப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேள்வி கேட்டவருக்கு நான் ஏன் மணி அடிக்கவில்லை என்பதற்கு விளக்கம்.

பீற்றர் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். குடை கொடுபடவில்லை.

கொன்ஸ்ரன்ஸ்


சேசு மரி சூசை

தலைமன்னார் துறை,
குருத்தோலை ஞாயிறு, 10.4.1938

பிரியமுள்ள கொன்ஸிக்கு,

உமது மேசையையா?

அந்த வரியில் நின்றுவிட்டேன். கப்பலுக்கு வந்த ஒருவர் ரிக்கற் யன்னலில் தட்டிய பிறகுதான் நினைவு வந்தது.

காடைச் சேவலின் கதையை இங்கே சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். கண்ணிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தனக்கு எப்போதும் தெரியும் என்றார். பிறகு ஏன் பெரியது சேவல் என்று சொன்னீர் என்று கேட்டேன். "மாஸ்ரர்தான் சொன்னது. மாஸ்ரர் சொல்லும்போது நான் என்னத்தைக் கதைக்க?" என்றார். முப்பது வருஷமாக ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டு நான் எத்தனை பேருக்கு எத்தனை பிழையைச் சரி என்று சொல்லியிருப்பேனோ தெரியாது.

ஆனால் கொன்ஸி, நான் றெயில்வேக்காரன், நேர அட்டவணை இல்லாமல் எனக்கு நித்திரை வராது. ஒரு காடைக்காகக் கொஞ்ச நாள் மேசையை நகர்த்தலாம். குஞ்சு பொரித்தால் பெட்டியை எடுத்துவிடலாம், மேசை திரும்ப வந்துவிடும். மனுசனை அப்படி எடுத்து வைக்க முடியாது. நான் காலையில் இருமுவேன். பேப்பரைச் சத்தமாக வாசிப்பேன். எனக்கு நித்திரையில் இன்னும் வண்டி போகிறது, கையை ஆட்டுவேன். நீர் இரக்கத்தில் வா என்று எழுத வேண்டாம். உம்மிடமிருந்து இரக்கம் வந்தால் அது எனக்கு அந்நியமாக இருக்கும்.

தம்பியின் பெண்சாதி வெள்ளையடித்து முடித்துவிட்டாள். கட்டில் போடவா என்று கேட்கிறாள். உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் ஒரு வரி எழுதும். கொழும்பு என்றால் கொழும்பு, பேசாலை என்றால் பேசாலை. எதுவென்றாலும் நான் உமது வின்சன்ற்தான். அதில் மாற்றம் இல்லை.

வின்சன்ற்

பி.கு. எறும்புக்கு மண்ணெண்ணெயைவிட மஞ்சள்தூள் நல்லதாம். யன்னலடிக்கும் வந்தால் போட்டுப் பாரும்.


கொட்டாஞ்சேனை,
18.4.1938

அன்புள்ள உங்களுக்கு,

பெரிய சனிக்கிழமை பொரித்தன. நான்கில் மூன்று. நான்காவதைச் சேவல் மறுநாள் மத்தியானம்வரை விடாமல் வைத்திருந்து, பிறகு தானே மணலில் உருட்டி ஒதுக்கிவிட்டது. குஞ்சு ஒவ்வொன்றும் கொட்டைப்பாக்கு அளவு. பொரித்த அன்றே ஓடுகின்றன. வாயில் ஊட்டிவிட முடியாது. சேவல் இரையை அலகில் பிடித்துக்கொண்டு நிற்க, அவை வந்து பிடுங்கிக்கொள்கின்றன. ஆகவே கறையான் வேண்டும். இந்த வீட்டின் பின்கதவு நிலையில் கறையான் என்று ஒரு வருஷமாக நிலாம் முதலாளியிடம் முறைப்பட்டிருக்கிறேன். அவர் நேற்று, பெருநாளும் அதுவுமாக டீச்சரின் குறையைத் தீர்ப்போம் என்று, மருந்துத் தகரத்தோடு மேலே வந்தார். நான் குறுக்கே நின்றேன்.

"என்ன டீச்சர், ஒரு வருஷமாச் சென்னீங்களே?"

"இப்ப வேண்டாம் முதலாளி. இன்னும் ஒரு மாசம் விட்டுவையுங்கோ."

"கதவு உழுந்திடும்."

"விழுந்தாப் பாப்பம்."

அவர் கீழே போய்ப் பைறோஸாவிடம் காய்ச்சல் திரும்பிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். பைறோஸா ஒரு கிண்ணம் வட்டிலப்பத்தோடு வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பெட்டிக்கு முன்னால் குந்தினார். சேவல் சிறகை விரிக்க, மூன்றும் உள்ளே போய் ஒளிந்துகொண்டன. அவர் எழும்பும்போது, "சூப் வாணாம் டீச்சர். நான் சும்மாதான் சென்ன" என்றார். ஆக, உயிர்த்த ஞாயிறன்று நான் சாப்பிட்டது பாணும் பருப்பும் வட்டிலப்பமும். தபசுகாலம் இந்த வீட்டில் இந்த வருஷம் முடியப்போவதில்லை.

ஒரு வரி கேட்டீர்கள். அந்த ஒரு வரிக்கு மூன்று தாள் கிழித்தேன். அதனால் நடந்ததையே எழுதுகிறேன். பெரியதை, சேவலைக் கொத்துகிறது என்று போன கிழமை வேறு பெட்டிக்கு மாற்றிக் குசினியில் வைத்தேன். வியாழக்கிழமை விடிய அதன் முழக்கம் கேட்கவில்லை. ஒன்றரை மாதமாக அந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டு எழும்புகிறவள் நான். அன்றைக்கு யாரும் எழுப்பாமல் நன்றாகத் தூங்கியிருக்கலாம். முழித்துக்கொண்டு படுத்திருந்தேன். பிறகு வெறுங்காலோடு எழும்பிப் போய்ப் பார்த்தேன். தீனிக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்து என்னை முறைத்துப் பார்த்தது; ஒரு குறையும் இல்லை. அதன் பக்கத்தில் தரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தேன். இந்த வீட்டில் இன்னொரு உயிர் இல்லாவிட்டால் நான் எங்கே போவேன் என்று அப்போதுதான் முதன்முறையாக யோசித்தேன். இது இரக்கம் இல்லை. உங்கள்மேல் எனக்கு எப்போது இரக்கம் இருந்தது?

பேசாலையில் கட்டில் போட வேண்டாம் என்று எழுதிவிடுங்கள்.

சில விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். காலையில் நான் பள்ளிக்கூடத்துக்கு இறங்கும்வரை என்னோடு கதைக்கக்கூடாது. இருமலாம். பேப்பரைச் சத்தமாக வாசிப்பதை நான் வீட்டில் இல்லாத நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காடைகளுக்கு நாட்டு நடப்புத் தெரிவது நல்லது. சந்தைக்கு நீங்கள்தான் போக வேண்டும். எனக்கு மீன் பார்த்து வாங்கத் தெரியாது என்பது இந்தத் தெருவுக்கே தெரியும். கூடையோடு போகும் உங்களைக் கொட்டாஞ்சேனை ஒரு கிழமை பார்க்கும். அடுத்த கிழமை, சூரை நல்லதா பாரை நல்லதா என்று கேட்கும். கூச்சம் எனக்கு இல்லை. உங்களுக்கு இருந்தால் தொப்பியைப் போட்டுக்கொண்டு போங்கள்.

மேசை நடு அறையில்தான் நிற்கிறது. குஞ்சுகள் பெரிதானாலும் அது அங்கேதான் நிற்கும். வெளிச்சத்துக்கு ஒரு புது விளக்கு வாங்கிவிட்டேன். யன்னலடியில் பெட்டி போக ஒரு சாய்மனைக் கதிரைக்கு இடம் இருக்கிறது. முழக்கோலால் அளந்தேன். கைப்பிடி கொஞ்சம் இடிக்கும், சமாளிக்கலாம். கதிரையை யாருக்காவது கொடுத்துவிட்டீர்களென்றால் போய்த் திருப்பி வாங்குங்கள்.

குடையைப் பீற்றரிடம் கொடுக்கச் சொன்னீர்கள். முடியாது. சித்திரை மழைக்கு யன்னலால் சாரல் அடிக்கிறது. குடையை விரித்துப் பெட்டியின் மேல் சாய்த்துக் கட்டியிருக்கிறேன். சேவலும் மூன்று குஞ்சுகளும் அதற்குக் கீழே இருக்கின்றன. இனி அதை அவிழ்ப்பதாக இல்லை.

ஜூன் முடிவில் இங்கே மழை பிடித்திருக்கும். மருதானையிலிருந்து நீங்கள் நனைந்துகொண்டுதான் வர வேண்டும். துவாயைக் கதவுக்குப் பின்னால், குடை தொங்கிய கொளுவியில் போட்டு வைக்கிறேன்.

உங்கள்
கொன்ஸி